நோய் தீர்ப்போருக்கு வேலி எங்கே?

(தீவக வைத்தியசாலைப் பணியாளரும் ஊர்ப் பொதுமக்களும் ஊர்காவற்றுறையிற் கூடிய கூட்டமொன்றிற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நெடுந்தீவுக்குச் சென்றவர்கள் அங்குள்ள கல்வேலிகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றிற் சுண்ணாம்பு இல்லை; சீமெந்து இல்லை. முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே நம் முன்னோர் தம் காணிகளுக்கு அரண் செய்தனர். அந்த வேலியில் ஒரு கல் சரிந்தால் அதனை அன்றே எடுத்து வைக்கவேண்டும். நாளைக்கு ஆகட்டுமென்று விட்டால் அடுத்த கல்லும் சரியும். திறந்த வழியாலே மாடு புகும். விளைந்த பயிர் வீடு வந்து சேராது. தோட்டக்காரர் எவருக்கும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமன்று இது.

நம் தீவக வைத்தியசாலைகளைச் சூழ்ந்திருக்க வேண்டிய வேலி சரிந்து கிடக்கின்றது. நோயாளியைத் தூக்கும் கைகளின்மேல் அடி விழுகின்றது. அந்த அடியைத் தடுக்கச் சட்டம் என்ன செய்யவேண்டும், அரசு என்ன செய்யவேண்டும், நாம் என்ன செய்யவேண்டும் என்ற மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கவே வந்தேன்.

ஓர் இரவு நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாதி என்னிடம் வந்தார். எந்தத் தீவு, எந்த வைத்தியசாலை என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

சோளகக் காற்று வீசுங் காலம். இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு முதியவரை நெஞ்சுவலியோடு தூக்கிவந்தார்கள். வைத்தியர் அன்று கடலுக்கு அக்கரையில். கடமையில் இருந்தவர்கள் இருவரே. அத் தாதியும் ஒரு சிற்றூழியரும். தாதி தமக்குத் தெரிந்த முதலுதவியைச் செய்தார். தொலைபேசியில் வைத்தியரை அழைத்து அவர் சொன்ன மருந்தைக் கொடுத்தார். படகுக்குச் சொல்லி அனுப்பினார். காற்றின் கடுமையாற் படகு வரத் தாமதமாயிற்று. அது வந்து சேருமுன் முதியவர் கண்ணை மூடிவிட்டார்.

உடன்வந்த உறவினருள் இருவர் மதுபோதையில் இருந்தனர். ஒருவன் தாதியின் கன்னத்தில் அறைந்தான். தடுக்க வந்த சிற்றூழியரை மற்றவன் கதிரையால் அடித்தான். அவருடைய கை முறிந்தது. மருந்து அலுமாரியின் கண்ணாடி நொறுங்கியது.

மறுநாட் காலை ஊர்ப் பெரியவர்கள் நால்வர் வந்தார்கள். "பிள்ளை, தகப்பன் செத்த துக்கத்திலை செய்துபோட்டான். பொலீசுக்குப் போனால் பெடியன்ரை வாழ்க்கை பாழாய்ப் போயிடும். நீயும் எங்கடை பிள்ளைதானே" என்றார்கள். தாதி ஒன்றும் சொல்லவில்லை. அடித்தவனும் அவரும் ஒரே படகில் ஏறவேண்டியவர்கள். ஒரே இறங்குதுறையில் இறங்கவேண்டியவர்கள். முறைப்பாடு எழுதப்படவில்லை. மூன்று மாதத்தில் அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அந்த இடத்துக்கு வேறொருவர் வர ஓராண்டுக்கு மேலாயிற்று.

அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, நான் வழக்குக்குப் போயிருந்தால் எனக்குத் துணையாக யார் நின்றிருப்பார்கள்?" அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. இன்றைய உரை அவருக்கு நான் காலந்தாழ்த்திச் சொல்லும் விடை.

அந்த ஓராண்டில் இரவு வேளையில் அந்த வைத்தியசாலைக் கதவைத் தட்டிய கர்ப்பிணிகள் எத்தனை பேர்? காய்ச்சலிற் துடித்த குழந்தைகள் எத்தனை? அடித்தவர் இருவர். அவர்களுக்குரிய தண்டனையை அனுபவித்தது ஊர்.

எங்கும் பரவிய நோய்

தீவார் மட்டுமே பொல்லாதவர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். மருத்துவப் பணியாளருள் நூற்றுக்கு 8 முதல் 38 பேர் வரை தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் உடல்மீதான வன்முறைக்கு உள்ளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 2025 மார்ச் 10ஆந் திகதி இரவு அநுராதபுரம் போதனா வைத்தியசாலையின் விடுதியில் ஒரு பெண் வைத்தியர் கத்திமுனையிற் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். நாடெங்கும் வைத்தியர்கள் பணியை நிறுத்தி நியாயங் கேட்டனர். 2024 ஓகஸ்ட் 9ஆந் திகதி கல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையிற் கடமையில் இருந்த இளம் பெண் மருத்துவர் வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். பெரு நகரங்களின் பெரு வைத்தியசாலைகளிலேயே இந்த நிலை. ஒரு தாதியும் ஒரு சிற்றூழியரும் காவலின்றி இரவைக் கழிக்கும் தீவு வைத்தியசாலையின் நிலையை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

நம் மண்ணுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1987 ஒக்டோபர் 21ஆந் திகதி, தீபாவளி நாளன்று, இந்திய அமைதிப் படையினர் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குட் புகுந்தனர். அன்றும் மறுநாளும் அறுபதுக்கும் மேற்பட்டோர் அங்கே கொல்லப்பட்டனர். அவர்களுள் வைத்தியர்களும் தாதியரும் ஊழியருமாக 21 பணியாளர். ஆண்டுதோறும் அதே நாளில் அவ்வைத்தியசாலைப் பணியாளர் கூடி அவர்களுக்கு விளக்கேற்றுகின்றனர். போர்க்காலத்திலும் வைத்தியசாலை தீண்டத்தகாத இடம் என்று 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் விதித்திருக்கின்றன. எனினும் அக் கொலைகளுக்காக எந்த நீதிமன்றமும் எவரையும் தண்டித்ததில்லை.

படையினர் செய்ததையும் குடிபோதையில் ஒருவன் செய்ததையும் ஒரே தராசில் வைக்க நான் முயலவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்கமுடியாது. வைத்தியசாலைக்குள் நடந்த பெருங்குற்றத்துக்கே கேள்வியில்லை என்றிருக்கும் நாட்டில், சிறிய கைகளுக்கும் துணிவு பிறக்கின்றது.

சட்டம் உண்டு, துணை இல்லை

"இதற்குச் சட்டமே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் நம்மை ஆளுகின்றது. அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்வது அதன் 183ஆம் பிரிவின்படி குற்றம். கடமையைச் செய்யவிடாது தடுக்கும் நோக்கத்தோடு அவர்மீது பலாத்காரம் புரிவது 344ஆம் பிரிவின்படி குற்றம். காயம் விளைத்தற்கும் கொடுங்காயம் விளைத்தற்கும் வேறு பிரிவுகள் உள்ளன. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பொதுச் சொத்துக்குச் சேதம் விளைப்பவரைத் தண்டிக்கின்றது.

இந்த 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விந்தையைக் காணலாம். அரச சொத்துக்கு விளைந்த சேதம் குறித்த தொகையை மீறுமாயின், சந்தேக நபருக்குப் பிணை எளிதிற் கிட்டாது. ஆகவே நான் சொன்ன அந்த இரவில் உடைந்த அலுமாரிக்கு, அது பெறுமதி மிக்கதாயின், ஒரு கடுமையான சட்டம் காவல் நிற்கும். முறிந்த கைக்கும் கன்னத்தில் விழுந்த அறைக்கும் சந்தைச் சண்டைக்குரிய நடைமுறையே போதும் என்றாகிவிடுகின்றது. மருந்து அலுமாரிக்கு உள்ள மதிப்பு மருந்து கொடுக்கும் கைக்கு இல்லையா?

இன்னும் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, நான் குறிப்பிட்ட இரு பிரிவுகளும் அரச ஊழியருக்கே உரியன. தனியார் மருத்துவ நிலையத்திற் பணிபுரியும் பெண்ணுக்கு அவை அரணாகா. இரண்டாவது, பாரம் முழுவதும் அடிபட்டவர் தலையிலே விழுகின்றது. அவரே பொலீஸ் நிலையம் செல்லவேண்டும். அவரே சாட்சி தேடவேண்டும். சமாதானம் பேச வருவோருக்கு அவரே முகங்கொடுக்க வேண்டும். மூன்றாவது, காலதாமதம். நெடுந்தீவிற் கடமையாற்றும் ஒருவர் ஊர்காவற்றுறை நீதவான் மன்றுக்கு வருவதாயின், படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து வரவேண்டும். ஒரு தவணைக்கு ஒரு நாள் போகும். காற்றுக் கடுமையாயின் இரண்டு நாளும் போகும். இவ்வாறு ஐந்தாறு தவணை அலைந்தபின், வழக்கே வேண்டாம் என்று அவர் சொன்னால் வியப்பென்ன?

அயலார் கற்ற பாடம்

பாக்குநீரிணைக்கு அப்பால் நடந்ததை நோக்குவோம். தமிழ்நாடு 2008ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பணியாளரையும் மருத்துவ நிலையங்களையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. வன்முறை செய்வோருக்கு 3 ஆண்டுக்குக் குறையாத சிறை, 10 ஆண்டுவரை நீளலாம் என்பது அதன் விதி. அத்தகைய சட்டம் இருந்தும், 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் மருத்துவர், சிகிச்சையின்போது இறந்த நோயாளியின் கணவராற் கொல்லப்பட்டார். 2024 நவம்பர் 13ஆந் திகதி சென்னை கிண்டியிலுள்ள அரசு மருத்துவமனையிற் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, அவரிடம் சிகிச்சை பெற்ற பெண்ணின் மகன் கத்தியாற் குத்தினான்.

கேரளத்திலும் 2012ஆம் ஆண்டு முதற் சட்டம் இருந்தது. 2023 மே 10ஆந் திகதி கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனைக்குப் பொலீசாரே அழைத்துவந்த ஒருவன், பயிற்சியில் இருந்த இளம் பெண் மருத்துவரைக் குத்திக் கொன்றான். அதன் பின்னரே அந்த மாநிலம் தன் சட்டத்தைத் திருத்தியது. தண்டனை கூட்டப்பட்டது. விசாரணையை 60 நாளுக்குள் முடிக்கவேண்டுமென்று காலவரையறை வைத்தது. வழக்குகளைக் கேட்கத் தனி நீதிமன்றங்களுக்கும் வழிசெய்தது.

கல்கத்தாக் கொடுமையின் பின், 2024 ஓகஸ்ட் 16ஆந் திகதி இந்திய மத்திய சுகாதாரத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. கடமையிலிருக்கும் பணியாளர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் தலைவரே பொலீசில் முறைப்பாடு பதியவேண்டும்; தவறினால் அவரே பொறுப்பு என்பது அந்த ஆணை. என்னைக் கேட்டால், பத்தாண்டுச் சிறை என்ற சொல்லைவிட இந்த ஆறு மணி நேரம் என்ற சொல்லே வலிமை மிக்கது என்பேன். கோபத்திற் கையை ஓங்குபவன் சிறைக்காலத்தைக் கணக்கிட்டுவிட்டு ஓங்குவதில்லை. முறைப்பாடு நிச்சயம் பதியப்படும், எவர் வந்து பேசினாலும் அது நிற்கும் என்று ஊர் முழுவதும் அறிந்திருந்தாற்றான் கை தயங்கும்.

நாம் கேட்க வேண்டியவை

நம் நாட்டுக்கும் மருத்துவமனைப் பணியாளர் பாதுகாப்புக்கென ஒரு தனிச் சட்டம் வேண்டும். அதில் இவை இடம்பெற வேண்டுமென்று கேட்போம்.

ஒன்று: முறைப்பாட்டாளர் நிறுவனமாக இருக்கட்டும். தாக்குதல் நடந்த சில மணி நேரத்துக்குள் வைத்தியசாலைப் பொறுப்பதிகாரி முறைப்பாடு செய்யவேண்டும். கடல் சூழ்ந்த இடங்களிற் தொலைபேசி மூலம் கொடுத்த தகவலும் முறைப்பாடாகவே பதியப்படவேண்டும். அப்போது, சமாதானம் பேச வருவோரிடம் அத் தாதி, "ஐயா, வழக்கு என்னுடையதன்று, அதை நிறுத்தும் அதிகாரமும் எனக்கில்லை" என்று சொல்லிவிட்டுத் தம் கடமையைப் பார்க்கலாம்.

இரண்டு: வைத்தியர் முதற் துப்புரவுத் தொழிலாளி வரை எல்லாரும் இதனுள் அடங்கவேண்டும். வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாதுவும், அம்புலன்ஸ் சாரதியும், நோயாளியை ஏற்றும் படகோட்டியும் விடுபடலாகாது. வைத்தியசாலை வளவோடு பாதுகாப்பு முடிந்துவிடாமல், கடமைக்குச் செல்லும் வழியும் இரவில் உறங்கும் விடுதியும் அதில் அடங்கவேண்டும். அநுராதபுரம் கற்பித்த பாடம் இது.

மூன்று: விசாரணைக்கும் வழக்குக்கும் காலவரையறை வேண்டும். சாட்சிசொல்ல வரும் நாள் கடமை நாளாகக் கணக்கிடப்படவேண்டும். படகுச் செலவும் பயணச் செலவும் அரசால் ஏற்கப்படவேண்டும்.

நான்கு: வாக்குமூலம் தமிழிற் பதியப்பட்டுத் தமிழில் வாசித்துக் காட்டப்படவேண்டும். 1847இல் இங்கு வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே மேல்நாட்டு மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். அந்த மண்ணில், அடிபட்ட தாதியின் சொல்லைத் தமிழில் எழுத ஆளில்லை என்பது எவ்வளவு வெட்கக்கேடு! தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளில் ஒருவர் கையொப்பமிட்டால், அந்தத் தாள் அவரைக் காக்குமா, காட்டிக்கொடுக்குமா?

அரசும் கூண்டில் ஏறட்டும்

இத்துடன் நான் அமர்ந்துவிட்டால் பாதி உண்மையை மட்டும் சொன்னவனாவேன். அந்த இரவில் முதியவர் ஏன் இறந்தார்? தாதி கைவிட்டதால் இறந்தாரா? வைத்தியர் இல்லை; படகு இல்லை; காற்று இருந்தது. அவருடைய மகனின் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணத்துக்குப் பொறுப்பானவர்கள் தூரத்து அலுவலகங்களில் இருந்தனர். கைக்கெட்டிய தூரத்தில் நின்றவர் தாதி ஒருவரே. அரசு செய்யாமல் விட்டதற்கு அரசின் மிகக் கீழ்ப்படியில் நிற்கும் ஊழியர் அடிவாங்குவது நியாயமா?

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வண்டி வரும் என்று சொல்லப்படுகின்றது, 2018 முதல் நம் மாகாணத்திலும் அந்தச் சேவை உண்டு, நன்றியோடு ஏற்போம். ஆனால் அந்த வண்டி கடலைத் தாண்டாது. நெடுந்தீவிலோ அனலைதீவிலோ எழுவைதீவிலோ நோயுற்றவருக்கு முதலில் வேண்டியது கடலைக் கடக்கும் வழி. நயினாதீவில் அம்மன் திருவிழாக் காலத்திற் பல்லாயிரம் பேர் கூடுகின்றனர். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்கவேண்டியதும் அதே சிறிய வைத்தியசாலைதான்.

ஆதலால் சட்டம் இருமுனையுடையதாக இருக்கவேண்டும். அடிப்பவனைத் தண்டிக்கட்டும். அதே வேளையில் இரவுக் கடமைக்குக் குறைந்தது எத்தனை பேர், வாசலிற் காவலாளி, வளவில் வெளிச்சம், அவசரத்துக்கு எந்த நேரமும் ஒரு படகு என்பனவற்றை அரசின் கட்டாயக் கடமையாக எழுதட்டும். நோயாளியின் உறவினர் தம் குறையைச் சொல்லவும், குறித்த நாளுக்குள் எழுத்தில் விடை பெறவும் ஓர் இடம் வேண்டும். குறை கேட்க வாசல் இல்லாத இடத்திற் கோபம் சுவரை உடைத்துக்கொண்டு வருகின்றது.

இதில் ஒரு நுட்பத்தையும் மறவாதிருப்போம். குற்றத்தை வரையறுப்பதும் தண்டனை விதிப்பதும் பாராளுமன்றத்தின் வேலை. தீவக வைத்தியசாலைகளின் காவலும் வெளிச்சமும் ஆளணியும் பெரும்பாலும் மாகாண நிருவாகத்தின் வேலை. வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடக்கவில்லை. மக்கள் தெரிந்தெடுத்த எவரிடமும் இதனைக் கேட்கமுடியாத நிலை உருவாயிற்று. அதற்காக வாளாவிருக்கலாமா? கொழும்பிற் கேட்கவேண்டியதைக் கொழும்பிற் கேட்போம். யாழ்ப்பாணத்திற் கேட்கவேண்டியதை யாழ்ப்பாணத்திற் கேட்போம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க இடங்கொடுக்கலாகாது.

நம் பங்கு

சிலர் அஞ்சுகின்றனர், "துக்கத்திற் கத்தியவனையும் சிறையில் தள்ளிவிடுவார்களே" என்கின்றனர். நியாயமான அச்சம். தந்தையை இழந்தவன் அலறுவான், ஏசுவான், நெஞ்சில் அடித்துக்கொள்வான். அதைக் குற்றமாக்கும் சட்டம் நமக்கு வேண்டாம். அலறலுக்கும் அடிக்கும் இடையே உள்ள எல்லையைச் சட்டம் தெளிவாக வரையட்டும். அந்த எல்லையைக் கடந்தவன் எவன் மகனாயினும் நாம் அவனுக்காகத் தூது போகாதிருப்போம்.

பெரியவர்களே, உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அடுத்தமுறை இப்படி ஒன்று நடந்தால் நீங்கள் நால்வரும் மறுபடியும் காலையிற் செல்லுங்கள். ஆனால் முறைப்பாட்டைத் திரும்பப் பெறு என்று கேட்பதற்குச் செல்லாதீர்கள். "பிள்ளை, சாட்சிசொல்ல நாங்கள் வருகிறோம், நீதவான் மன்றுக்குப் போகும் படகில் உன்னோடு நாங்களும் ஏறுகிறோம்" என்று சொல்லச் செல்லுங்கள். அத் தாதி என்னிடம் கேட்ட கேள்விக்கு முழு விடை அப்போதுதான் கிடைக்கும்.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பன அந்த நான்கு. பணிசெய்பவரை அவர் வைத்தியருக்குக் கீழே வைத்துப் பேசவில்லை. நான்கில் ஒருவராகவே எண்ணினார். நம் தீவுகளிற் பல இரவுகளில் அந்த நான்காமவர் ஒருவரே நோயாளியின் அருகில் நிற்கின்றார்.

அவரும் போய்விட்டால், அடுத்த சோளகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வரும் முதியவருக்குக் கதவைத் திறக்க யார் இருப்பார்கள்? அந்த முதியவர் உங்கள் தந்தையாகவும் இருக்கலாம். என் தந்தையாகவும் இருக்கலாம்.

கல் சரிந்து கிடக்கின்றது. மாடு புகுமுன் எடுத்து வைப்போம்.